வலது பக்கத்துக் கட்டம்

பெலி தோல் ஊரில் நாங்கள் இறங்கியபோது காலை பத்தரை மணி. டிசம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. என் கணவர் கலபின் இறந்து அது முப்பத்தொன்பதாவது நாள்.

கலபினின் நண்பன் மெத்தோதி தன் பழைய லாடா காரைத் தேவாலயத்துச் சுவரோரம் நிறுத்தினான். கைப்பிரேக்கில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. இறங்கி ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தான். மலையெங்கும் பனிமூட்டம். தேவாலயமும் தெரியவில்லை, கீழே ஓடும் ஆறும் தெரியவில்லை. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஈர விறகு எரியும் புகை வாசம் எங்கிருந்தோ வந்தது.

எங்கள் கடை பழைய இரண்டடுக்கு வீட்டின் கீழ்த்தளம். மேல்தளம் மர முட்டுகளின் மேல் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வாரநாட்களில் கலபின் அங்கேதான் தூங்குவார். கதவுக் கண்ணாடியில் அவருடைய அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. நான் அச்சடித்து அனுப்பியது. ஈரத்தில் ஓரங்கள் சுருண்டிருந்தன. எழுத்து கலங்கியிருந்தது. முகம் கலங்கவில்லை.

"பாரு, செத்த பிறகும் கடைய அவன்தான் காவல் காக்கிறான்," என்றான் மெத்தோதி.

நான் சாவியைப் பூட்டில் விட்டேன். அது திரும்பவில்லை. மெத்தோதி வாங்கித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் திரும்பவில்லை. பூட்டிவிட்டுப் போன கதவு பூட்டாமல் இருந்தது.

அந்தக் கதவுக்குள் போவதற்கு முன்பு, நாங்கள் அங்கே ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இறந்தவரின் படம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி போட்டு, வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் மரங்களிலும் ஒட்டுகிற தாளை அச்சடிப்பது எங்கள் தொழில். சாவுக்கு ஒரு தாள். ஒன்பதாம் நாளுக்கு, நாற்பதாம் நாளுக்கு, ஆறு மாதத்துக்கு, வருஷத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் புதிய தாள். கிறிஸ்தவர்களுக்குக் கறுப்புக் கரை, முஸ்லிம்களுக்குப் பச்சைக் கரை. மலையில் பாதி வீடுகள் பச்சை. ஒருமுறை செய்த தாளை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. அடுத்த வருஷம் அதே குடும்பம் வரும். பழைய கோப்பைத் திறந்து தேதியையும் ஒரு வரியையும் மாற்றினால் போதும்.

நான் பிளோவ்திவ் நகரத்துக் கடையைப் பார்த்துக்கொண்டேன். கலபின் திங்கள் முதல் வெள்ளி வரை மலைக்கடையில் இருந்தார். மலையில் செத்தவர்களின் பிள்ளைகள் நகரத்தில் இருப்பார்கள், நகரத்தில் செத்தவர்களைப் புதைக்க மலைக்குக் கொண்டுபோவார்கள். அதனால் எல்லாத் தாள்களும் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். அதைச் செய்துகொடுத்தவன் மெத்தோதி. கலபினோடு ராணுவத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்தவன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு கடையிலும் ஒவ்வொரு சர்வர் கணினி வைத்தான். ஒன்றுக்கு மலை என்று பெயர், மற்றதற்கு நகரம். கால் மணிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இங்கே எழுதியது அங்கே போகும், அங்கே எழுதியது இங்கே வரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்றான். "ஒரே ஃபைலை ரெண்டு பேரும் மாத்தினா, ரெண்டையும் வச்சுக்கும். பேருக்குப் பின்னாடி மலை, நகரம்னு எழுதிடும். நீங்க பார்த்து முடிவு பண்ணிக்கோங்க. ஒருத்தர் அழிச்சு இன்னொருத்தர் அதையே திருத்தினா, திருத்தினதுதான் ஜெயிக்கும்."

முதல் குளிர்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. மலையில் மின்சாரம் போய் வந்தபோது அங்கே கோப்புகள் இருந்த டிஸ்க் எழுந்திருக்கவில்லை. சர்வர் தன் பக்கத்தைப் பார்த்தது, காலி. எல்லோரையும் அழித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, என் பக்கத்தில் இருந்த முந்நூறு பேரையும் கால் மணியில் துடைத்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு அம்மா ஆறுமாதத் தாளுக்கு வந்தாள். மகன் முகம் எங்களிடம் இல்லை. அவளிடமும் வேறு படம் இல்லை. கலபின் குளிரில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் திரும்பப் படமெடுத்தார். அதன்பிறகு அந்த இயந்திரங்களில் கைவைக்க எங்கள் இருவருக்குமே பயம்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வேலைப் பட்டியலும் இருந்தது. யாருக்கு எத்தனை தாள், எப்போது வேண்டும் என்று எழுதும் கோப்பு. நாளடைவில் அதில்தான் பேசிக்கொண்டோம். நான் "பல் வலி" என்று எழுதுவேன். கால் மணி கழித்துக் கீழே "கிராம்பு வை" என்று வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் மலையின் வானிலையை எழுதுவார். வெள்ளிக்கிழமை நான் மலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் பார்க்கும் வரி பெரும்பாலும் ஒன்றுதான். "மூட்டம். கனமான கோட்டு போட்டுட்டு வா." நான் ஒருநாளும் கேட்டதில்லை. மெல்லிய கோட்டோடு போய் இறங்குவேன். அவர் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, சட்டையோடு விறைத்துக்கொண்டு நடந்து வருவார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இருபத்தாறு வருஷம் இப்படித்தான் இருந்தோம்.

நவம்பர் மூன்றாம் தேதி மதியம் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். பக்கத்துக் காபிக்கடை ராமிஸ்தான் பார்த்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததாம். திரையில் யாரோ ஒருவருடைய வருஷத் தாள் பாதியில் நின்றிருந்ததாம். ராமிஸ்தான் கடையைப் பூட்டி, அடக்கத்தன்று சாவியை என்னிடம் கொடுத்தான். அடக்கத்துக்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. போக முடியவில்லை.

டிசம்பர் முதல் தேதி நாற்பதாம் நாள் தாளைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். கலபினின் கோப்பைத் திறந்து, நடுவில் படம், மேலே "நாற்பது நாட்கள் நம்மோடு இல்லாமல்" என்று போட்டுச் சேமித்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். கோப்பு இரண்டாகியிருந்தது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் நகரம். இன்னொன்றில் மலை.

மலைக்கடையில் யாரும் இல்லை.

திறந்தேன். என்னுடைய தாள்தான். அதே வரி, அதே படம். ஆனால் படம் நடுவில் இல்லை. இடதுபுறம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வலது பக்கத்தில் அதே அளவில் ஒரு கட்டம் வரைந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் போய்விட்டால் நாங்கள் அப்படித்தான் போடுவோம்.

மெத்தோதியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அங்கே மின்சாரம் போய் வந்து கடிகாரம் பின்தங்கியிருக்கும், ஏதோ பழைய மாதிரித் தாளோடு குழப்பிக்கொண்டிருக்கும், அழித்துவிடு என்றான். அழித்தேன். கால் மணியில் திரும்பி வந்தது.

அழித்ததை வெல்ல வேண்டுமானால் மறுபக்கத்தில் யாராவது திருத்தியிருக்க வேண்டும்.

என்ன திருத்தம் என்று பார்த்தேன். கட்டத்தின் கீழே ஒரு பெயர் சேர்ந்திருந்தது. ஸ்நெஷானா துஷ்கோவா. என் பெயர்.

சர்வரை அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மெத்தோதியே கேட்டான், நிறுத்திவிடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், பயத்தோடு கூட எனக்கு இன்னொன்றும் இருந்தது. அந்தக் கட்டம் எவ்வளவு நேராக வரையப்பட்டிருந்தது தெரியுமா? ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை விட்டு வரைவது அவருடைய பழக்கம். நான் எப்போதும் குறைவாக விடுவேன், அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த விரற்கடையைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு மதியம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் பிறந்த தேதி வந்தது. நான் அழிப்பேன், வரும். கட்டத்தை மட்டும் அழித்துப் பார்த்தேன், வந்தது. கடைக்குள் அவ்வப்போது ஒரு வாசம் வரத் தொடங்கியது. கலபின் மலைக்கடை ஜன்னலில் குவின்ஸ் பழங்களை வரிசையாக வைத்திருப்பார், தின்பதற்கில்லை, வாசத்துக்கு. பிளோவ்திவ் கடையில் மையும் தாளும் தவிர வேறு வாசம் இருந்ததே கிடையாது.

ஒன்பதாம் தேதி காலை கட்டத்துக்குள் படம் வந்துவிட்டது.

என் படம். ஆனால் அப்படி ஒரு படத்தை யாரும் எடுத்ததில்லை. கடை மேசையில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழுத்துவரை மூடிய கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன்.

அந்தச் சட்டையை நான் வாங்கியது நவம்பர் நான்காம் தேதி. அவர் இறந்த மறுநாள்.

தாளில் இனி ஒன்றுதான் பாக்கி. என் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும், அதற்கப்பால் ஒரு வெற்றிடமும். பன்னிரண்டாம் தேதி நாற்பதாம் நாள். அதுவரைதான் போனவர்கள் இந்தப் பக்கம் நடமாடுவார்கள் என்று சொல்வார்கள். அந்த இடம் அதற்குள் நிரம்பிவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை மெத்தோதி வந்தான். படத்தைப் பார்த்தான். பிறகு என்னை இடத்தைவிட்டு எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓட, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தான். நான் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்.

"இது காபியா, பிரிண்டர் மையா?"

"மை தீர்ந்துபோச்சு. அதான் காபி போட்டேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். முப்பத்தெட்டு நாளில் முதல் தடவை.

பின்கட்டில் நாற்பதாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கோதுமை வெந்துகொண்டிருந்தது. அடிப்பிடிக்கும், போய்க் கிளறு என்று என்னைத் துரத்தினான். நான் கிளறினேன், தண்ணீர் வடித்தேன், துணியில் பரப்பினேன். முன்பக்கம் ஸ்கேனர் ஓடும் சத்தம் ஒருமுறை கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சரி பண்ணிட்டேன்," என்றான். "கடிகாரம்தான். இனிமே வராது. இந்தப் பக்கம் நிறுத்தியும் வச்சுட்டேன், நீ தொடாதே. நாளைக்கு மேல போய் அந்த டிஸ்கைக் கழட்டிட்டு வந்துடலாம். அத்தனை பேரோட முகம் அதுல இருக்கு."

"நான் வரணுமா?"

"அந்த மலை ஆடு கலபினோட குகைக்குத் தனியா போக எனக்குப் பயமா இருக்கு, ஸ்நெஷா. நீ கையப் பிடிச்சுக்கோ."

அன்று சாயங்காலம் வரை பார்த்தேன். கோப்பு இரண்டாகவில்லை. பத்து நாளில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒத்துப்போயிருந்தன. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படித்தான் அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றோம்.

தள்ளியதும் திறந்தது. உள்ளே தெருவைவிடக் குளிர். ஜன்னலில் ஐந்து குவின்ஸ் பழங்கள் கறுத்துச் சுருங்கி உட்கார்ந்திருந்தன. ஆனால் வாசம் புதிதாக இருந்தது, அப்போதுதான் பறித்ததுபோல. நாற்காலி மேசையிலிருந்து சற்றே விலகி, யாரோ எழுந்து போன கோணத்தில் நின்றது.

மெத்தோதி விளக்குச் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை.

மூலையில் இருந்த சர்வர் பெட்டியின்மேல் கையை வைத்தேன். ஐஸ்போல இருந்தது. சின்ன விளக்கு ஒன்றும் இல்லை. விசிறிச் சத்தம் இல்லை. அதன்மேல் தூசு படிந்திருந்தது, ஒரு மாதத்துத் தூசு.

வாசலில் ஆள் நிழல் விழுந்தது. ராமிஸ். கையில் ஈரத் துணியோடு காபிக்கடையிலிருந்து வந்திருந்தான்.

"அக்கா, வந்தீங்களா. ஃபியூஸை நான்தான் புடுங்கி வச்சேன். அடக்கத்தன்னைக்கே. பழைய வயரு, ஆளில்லாத வீடு, தீப்பிடிச்சா என் கடையும் போயிடும். உங்ககிட்ட சொல்ல வேண்டியது, மன்னிச்சுக்கோங்க."

அடக்கம் நவம்பர் ஐந்து.

நான் மெத்தோதியைப் பார்த்தேன். அவன் ஆச்சரியப்படவில்லை. ராமிஸ் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டான், கடைக்கு வேறு யாரையாவது வைத்திருக்கிறீர்களா என்று. காலை நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். ஒரு தரம் கதவைத் திறந்துகொண்டு யாரோ வெளியே போனதும் கேட்டதாம். அவன் எட்டிப் பார்க்கவில்லையாம். கதவைத் தொடவும் இல்லையாம். சொல்லிவிட்டு உடனே போய்விட்டான்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நேத்துதான் பார்த்தேன். எல்லாத்தையும் குறிச்சு வைக்கும்ல அந்த இயந்திரம். நவம்பர் அஞ்சுக்கு அப்புறம் மலையிலேருந்து ஒரு தடவை கூடப் பதில் வரல."

"அப்ப அந்த ஃபைல் எங்கேருந்து வந்துச்சு?"

அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தன் கோட்டைக் கழற்றினான். ஆட்டுத்தோல் உள்ளே வைத்துத் தைத்த பெரிய பழுப்புக் கோட்டு. என் தோளில் போட்டு, மேல் பொத்தான் ஒன்றையும் மாட்டிவிட்டான். நான் அன்றும் மெல்லிய கோட்டோடுதான் போயிருந்தேன்.

"ராமிஸ்கிட்ட ஒரு டார்ச் வாங்கிட்டு வா. இந்த இருட்டுல ஸ்க்ரூ தெரியாது. அவசரமா ஓடி வராதே, ஒரு காபி குடிச்சுட்டு வா. அவனோடது நிஜ காபி."

"உனக்குக் குளிரும், மெத்தோ."

"போ."

நான் போனேன். ராமிஸ் டார்ச்சைத் தேடினான், அதில் பேட்டரி இல்லை. பேட்டரி தேடினான். அதற்குள் காபியை முன்னால் வைத்துவிட்டான். நான் குடித்தேன். அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் குடித்தேன், சூடாக இருந்தது, கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசைகளைத் தட்டும் சத்தம் வந்தது. மெத்தோதி வேலை செய்கிறான் என்று நினைத்தேன்.

மின்சாரம் இல்லாத வீட்டில் அவன் எதைத் தட்டுவான்?

கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

கலபினின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக இருந்தது. இரண்டு கைகளும் விசைப்பலகைமேல் இருந்தன. எதிரே திரை கறுப்பாக, அவன் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. டிஸ்கைக் கழற்றி மேசை ஓரத்தில் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தான். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"மெத்தோ," என்றேன்.

தோளைத் தொட்டேன். சட்டைக்குள் உடம்பு அந்தப் பெட்டியைப்போலக் குளிர்ந்திருந்தது. நான் அவனை விட்டுப் போய் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இதயம் என்றார் மருத்துவர். அந்த வயதில், அந்தக் குளிரில், கோட்டும் இல்லாமல் என்றார்.

அன்று சாயங்காலம் யாரோ என்னைப் பிளோவ்திவில் கொண்டுவந்து விட்டார்கள். மெத்தோதிக்கு ஒரு தங்கை மட்டும், அவளும் ஜெர்மனியில். தாள் நான்தான் போட வேண்டும். படம் வேண்டுமே என்று ஸ்கேனரின் மூடியைத் தூக்கினேன், அவனுடைய பழைய படம் எதையாவது வைத்து எடுக்கலாம் என்று. கண்ணாடியின்மேல் ஒரு சிறிய படம் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். மெத்தோதியின் பாஸ்போர்ட் படம். வியாழக்கிழமை நான் கோதுமை கிளறிக்கொண்டிருந்தபோது வைத்தது.

கலபினின் தாளைத் திறந்தேன்.

இடதுபுறம் கலபின். வலது பக்கத்துக் கட்டத்தில் மெத்தோதி. கீழே அவனுடைய முழுப்பெயர், நாங்கள் யாரும் கூப்பிடாத ஞானஸ்நானப் பெயரோடு. பிறந்த ஊர். பிறந்த தேதி. விளையாட்டுக்குச் செய்கிறவன் பிறந்த தேதியைச் சரியாகப் போட மாட்டான். என் பெயரை அவன் அழிக்கவில்லை. கட்டத்திலிருந்து எடுத்துத் தாளின் அடிவரிக்குக் கொண்டுபோயிருந்தான். "துயரத்துடன்: ஸ்நெஷானா." உயிரோடிருப்பவர்களின் பெயரைப் போடுகிற வரி அது.

அழித்தால் திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அழிக்காமல் மாற்றிவிட்டான். அந்தப் பக்கத்துக்கும் அது போதுமாக இருந்திருக்கிறது.

பிறந்த தேதிக்குப் பக்கத்தில் கோடு. கோட்டுக்கு அப்பால் இடம் காலியாக இல்லை. டிசம்பர் பதினொன்று என்று இருந்தது. கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரம் அன்று காலை பதினொன்று ஐந்து, நான் ராமிஸ் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம்.

நான் அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அறுபது பிரதி அச்சடித்தேன். மறுநாள் நாற்பதாம் நாளுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு நண்பர்களையும் ஒரே தாளில் போட்டது நல்ல காரியம் என்று சொல்லிவிட்டுக் கோதுமையைச் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. மலைக்கடையை விற்றுவிட்டேன். அந்த டிஸ்க் துண்டோடு என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. வேறொரு ஆளை அழைத்துப் பழைய ஏற்பாடு முழுவதையும் எடுத்துவிடச் சொன்னேன். இணையக் கம்பியையும் கழற்றிவிட்டேன். கடையில் இப்போது ஒரே ஒரு கணினி, அது எதனோடும் பேசுவதில்லை. படங்களைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பழக்கத்தினால் அந்த வேலைப் பட்டியலில் மட்டும் இன்னமும் எழுதுகிறேன். மெத்தோதியின் கோட்டு கடைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தங்கையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து, கொடுக்கவில்லை. அவன் அதை எனக்குப் போட்டுவிட்டது ராமிஸுக்குக்கூடத் தெரியாது. என் கோட்டு என்றே நினைத்தான்.

போன வெள்ளிக்கிழமை மதியம் பட்டியலைத் திறந்தேன். என்னுடைய நான்கு வேலைகளுக்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதியிருந்தது.

"மூட்டம். மெத்தோவுக்குக் குளிருது. அவன் கோட்டை எடுத்துட்டு வா."

எழுந்து கதவைத் தாழிட்டேன். திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன், சேமித்தேன், கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

கால் மணி ஆயிற்று.

குவின்ஸ் வாசம் வந்தது.

பட்டியலைத் திறந்தேன். வரி திரும்பி வந்திருந்தது. திருத்தப்பட்டிருந்தது. கடைசியில் ஒரு சொல் கூடியிருந்தது.

"அவசரமில்லை."